திருடனுக்குத் தண்டனை இல்லாத கதையைப் பிள்ளைக்குச் சொல்லலாமா? சிபில் வெத்தசிங்க பற்றி ஒரு கேள்வி

கேள்வி – ஆரையம்பதி வாசகர், நவம்பர் 9

உங்கள் வாசிகசாலையில் ‘குடைத் திருடன்’ என்று ஒரு கதை வாசித்ததாக மகள் வந்து சொன்னாள். திருடனைப் பிடிக்கவும் இல்லையாம், அடிக்கவும் இல்லையாம். போதாததற்கு அவனுக்கென்று ஒரு குடையையும் விட்டுவிட்டு வருகிறார்களாம். சிறுவர் எழுத்தாளர் என்றால் பிள்ளைக்கு நல்லது கெட்டது சொல்ல வேண்டாமா? நம்மிடம் நீதிக்கதை இல்லையென்றா சிங்களக் கதைக்குப் போகிறீர்கள்?

நவம்பர் 9, இரவு

முதலில் கதையை முழுதாகப் பார்ப்போம். மகள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறாள்.

குடை என்ற ஒன்றையே கண்டிராத கிராமம். மழை வந்தால் சனம் வாழையிலையைப் பிடிக்கும், சாக்கைப் போர்த்திக்கொள்ளும். கிரி மாமா முதன்முறையாக டவுனுக்குப் போகிறார். அங்கே ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு நடப்பதைக் கண்டு ஆசைப்பட்டு ஒன்று வாங்குகிறார். ஊர் வந்து சேரும்போது பொழுதுபட்டுவிடுகிறது. ஒரு கோப்பி குடிக்கலாம் என்று குடையை வெளியில் ஒளித்துவைத்துவிட்டுக் கடைக்குள் போகிறார். வந்து பார்த்தால் குடை இல்லை. மறுபடி டவுன், மறுபடி குடை, மறுபடி கோப்பி, மறுபடி களவு. கடைசியில் கடதாசியைத் துண்டு துண்டாகக் கிழித்துக் குடைக்குள் போட்டு மடித்து வைக்கிறார். குடை போன வழியெல்லாம் கடதாசி. அதைப் பின்பற்றிக் காட்டுக்குள் போனால், களவுபோன குடைகள் எல்லாம் ஒரு மரத்தில் தொங்குகின்றன. ஒன்றை மட்டும் திருடனுக்கு விட்டுவிட்டு, மற்றவற்றைக் கொண்டுவந்து ஊரில் குடைக்கடை போடுகிறார். திருடன் ஒரு குரங்கு.

இதில் தண்டனை எந்தப் பக்கத்தில் வர வேண்டும்? களவு கொடுத்தவர் புலம்பிக்கொண்டு குந்தியிருக்கவில்லை. யோசித்தார், தடம் பிடித்தார், போனதை மீட்டார், அதையே தொழிலாக்கினார். உங்கள் மகள் வீட்டுக்கு வந்து ஒரு கதையைச் சொல்லியிருக்கிறாள் என்பதை முதலில் கவனியுங்கள். நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற நீதிக்கதைகளில் எத்தனையைப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து தாங்களாகச் சொல்கிறார்கள்?

நவம்பர் 10

எழுதியவர் யார் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

சிபில் வெத்தசிங்க. 1927இல் காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் கொழும்புக்குப் போய்விட்டது. ஆனால் அவர் வாழ்நாள் முழுக்க வரைந்தது கிந்தோட்டையைத்தான். மண்சட்டி, கூடை, சேலைப் பூ, கிணற்றடி, வாயாடிப் பெண்கள், சிரிக்கிற பிராணிகள். அந்தப் பிள்ளைப் பருவத்தைப் பற்றித் தனியாக ஒரு நினைவுநூலும் எழுதினார். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கும்போதே வாசிப்புப் புத்தகத்துக்குப் படம் வரைந்தவர். 1948இல் லங்காதீப பத்திரிகை, பிறகு லேக் ஹவுஸ் நிறுவனத்தின் ஜனத பத்திரிகை. அந்தக் காலத்தில் ஓர் இளம்பெண் பத்திரிகைக் கந்தோரில் மேசை போட்டு உட்கார்ந்து படம் வரைவது என்பது லேசுப்பட்ட காரியமா என்று நம் ஊர் அம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள்.

குடைத் திருடன் 1956இல் நூலாக வந்தது. 1980களில் ஜப்பானில் விருது பெற்றது. பல மொழிகளுக்குப் போனது. 200க்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். 2020 ஜூன் 30இல் காலமாகும்போது கூடக் கையில் வேலை இருந்த மனுசி.

பத்திரிகை வேலையை நான் ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். கிழமைக்குக் கிழமை பக்கம் நிரப்ப வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட முடியாது. இடமும் கொஞ்சம். அவருடைய வசனம் சுருங்கிக் கூராக வந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

நவம்பர் 12

“படம் பார்க்கிற புத்தகம்தானே, இதில் எழுத்து எங்கே இருக்கிறது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு கதையை எடுத்து, ஐந்து வயதுப் பிள்ளை எழும்பிப் போகாத மாதிரி, ஒரு பக்கத்துக்கு மூன்று வரி என்று எழுதிப் பாருங்கள். அப்புறம் பேசுவோம்.

நவம்பர் 15

போன மாரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

குருமண்வெளியில் பாதை ஏறி மண்டூர்ப் பக்கம் போனேன். வெளியூர் வாசகர்களுக்கு: பாதை என்றால் மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற தட்டையான இரும்புத் தெப்பம், சனம், மோட்டார் சைக்கிள், மீன்பெட்டி எல்லாம் ஒன்றாகப் போகும். அன்றைக்கு நல்ல மழை. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம், ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள். நனைந்த பொலித்தீன் பைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தவர்களுக்குக் குடை இல்லாத ஊரின் கதையை விளக்க வேண்டிய தேவையே வரவில்லை.

கையில் இருந்தது சிங்களப் புத்தகம். படத்தைக் காட்டிக் காட்டி நான் தமிழில் சொன்னேன். முதல் குடை காணாமல் போன பக்கத்திலேயே பின்வரிசைப் பொடியன் ஒருவன் சத்தம் போட்டான்: “அது குரங்குதான் டீச்சர்.”

மட்டக்களப்பு டவுனை ஒட்டிய கல்லடியில் இந்தக் கதையை எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். டவுன் பிள்ளைகள் கடைசி வரைக்கும் கடைக்காரன் மேல்தான் சந்தேகப்படுவார்கள். இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், அவன் வீட்டில் ஓடு கழற்றுவது குரங்கு, கொய்யாக்காய் பிடுங்குவது குரங்கு, கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையைக் கொண்டு போனதும் குரங்கு. மற்றப் பிள்ளைகளும் தங்கள் வீட்டுக் குரங்குகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கதை பத்து நிமிசம் நின்றுபோனது. நான் நிற்கவிட்டேன்.

பிறகு கடதாசி வந்தது. அதற்குப் பெரிய வழக்கு.

“மழையில கடதாசி ஊறிப்போகும். நெல்லுப் போட்டிருக்கோணும்.”

“நெல்லக் கோழி பொறுக்கிரும்.”

“அப்ப சாம்பல்.”

“சாம்பலும் மழையில போயிரும்.”

கச்சான் கோது, அதாவது நிலக்கடலைத் தோல், என்று ஒரு பிள்ளை சொன்னதுதான் வென்றது. கோழி தின்னாது, ஊறாது, மிதந்தாலும் தெரியும். கிந்தோட்டை மனுசி 1950களில் போட்ட முடிச்சை மண்டூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அவிழ்த்துத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுவர் எழுத்தாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

நவம்பர் 16

நேற்று எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒருபக்கம் மட்டும் சொன்னதாகிவிடும்.

அதே வகுப்பில் ஒரு பெண்பிள்ளை கடைசிப் பக்கத்தை ஒத்துக்கொள்ளவே இல்லை. “எங்கட சோளன் எல்லாத்தையும் குரங்கு திண்ட. அதுக்கு ஒரு குடையும் விடக்கூடா.” முகம் சிவந்துபோய்ச் சொன்னாள். அந்த வீட்டில் வருசத்துக்குக் காடு வெட்டிச் செய்கிற ஒரு சோளச் சேனைதான். அவளிடம் போய் மன்னிப்பின் பெருமை பேச எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மூன்று பிள்ளைகள் அவள் பக்கம் சேர்ந்தார்கள். குரங்கைக் கட்டி வைக்கோணும் என்றார்கள்.

அதற்கு அவள் பக்கத்தில் இருந்தவள் சொன்னது: “ஒண்ட விட்டாத்தானே மத்தத எடுக்க வராது.”

நான் இத்தனை காலமும் அந்த ஒற்றைக் குடையைக் கிரி மாமாவின் இரக்கம் என்றுதான் நினைத்து வாசித்தேன். குரங்கோடும் யானையோடும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிற பிள்ளைக்கு அது ஓர் ஒப்பந்தமாகத் தெரிகிறது. உனக்கு இது, எனக்கு அது, என் கடைப்பக்கம் வராதே. படத்தைத் திரும்பப் பார்த்தால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. எழுத்தாளர் எந்தப் பக்கமும் நின்று விளக்கவில்லை. விளக்கியிருந்தால் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் சண்டை பிடிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஆகவே ஆரையம்பதி வாசகருக்கு என் பதிலைக் கொஞ்சம் மாற்றுகிறேன். தண்டனை கேட்பது பிள்ளைக்கு வேண்டாத விசயம் அல்ல, பிள்ளைகளே கேட்கிறார்கள். ஆனால் அதைப் புத்தகம் முந்திக்கொண்டு தீர்த்துவிடக் கூடாது. நல்லது கெட்டது என்ற பேச்சு அன்று அந்த வகுப்பில் மணி அடிக்கும்வரை நடந்தது. கடைசி வரியில் நீதி எழுதியிருந்தால் எல்லாரும் “ஓம் டீச்சர்” சொல்லிக் கொப்பியை மூடியிருப்பார்கள்.

நவம்பர் 19

அக்கரைப்பற்றுத் தம்பியின் நீண்ட கடிதத்துக்கு: சிங்கள எழுத்தாளரை ஏன் தூக்கிப்பிடிக்கிறீர்கள், நம் பிள்ளைகள் பட்டது போதாதா என்ற கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. நானும் இந்த ஊரில்தான் அந்த யுத்த வருசங்கள் முழுக்க இருந்தேன். யாரையும் எதையும் மறக்கச் சொல்லவில்லை. குடை களவு கொடுத்த ஒரு கிராமத்து மனுசனின் கதை அது, அதில் நம் பிள்ளைக்கு ஆகாதது ஒன்றும் இல்லை.

நீதியில்லாத சிறுவர் எழுத்து நமக்கு இறக்குமதிச் சரக்கும் அல்ல. 1935இல் வந்த ‘பிள்ளைப் பாட்டு’ தொகுப்பு நம்மிடம் இருக்கிறது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் கத்தரி வெருளி என்ன நீதி சொல்கிறது? தோட்டத்து வெருளியை நன்றாகப் பார்த்த ஒரு கண் இருக்கிறது, அவ்வளவுதான். ஆடிப்பிறப்புப் பாட்டில் இருப்பது கூழும் கொழுக்கட்டையும், விடுமுறை கிடைத்த சந்தோசமும். இன்றைக்கும் அதை வாய்ப்பாடமாகச் சொல்கிற தாத்தாக்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பிலேயே மௌனகுரு சிறுவர் நாடகம் எழுதினார், ஓ.கே. குணநாதன் சிறுவருக்கென்றே தொடர்ந்து எழுதுகிறார். நான் கேட்பது ஒன்றுதான். கிந்தோட்டையைச் சிபில் எழுதின மாதிரி, களுதாவளை வெற்றிலைத் தோட்டத்தை, குருமண்வெளிப் பாதையை, வாகரைக் கடலை, ஒரு பிள்ளையின் உயரத்தில் நின்று யார் எழுதப் போகிறார்கள்?

நவம்பர் 24

படத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சிபிலுக்கு எழுத்தும் படமும் ஒரே கை. கதையில் குடை ஒளித்துவைத்த இடம் என்று இரண்டு சொல்லில் போகும், படத்தில் அந்தச் சுவர், அதன் பக்கத்தில் கிடக்கிற சாமான், கடைக்குள் ஆட்கள் என்று ஓர் ஊரே இருக்கும். வாசிக்கத் தெரியாத பிள்ளை அதில் தன் கதையைத் தேடும். எழுத்து சொல்வதையே படமும் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு வேலை இல்லை.

நம் பக்கத்தில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? கதை எழுதியவர் மட்டக்களப்பில், படம் போடுகிறவர் வேறொரு மாவட்டத்தில், பக்கம் கட்டுகிறவர் அச்சகத்தில். மூவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. நானும் பாதையில் போகிற ஒரு ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சின்னப் புத்தகம் ஒன்று எழுதினேன். அச்சாகி வந்தபோது அட்டையில் பாய்மரம் கட்டிய தோணி, கரையெல்லாம் உயர உயர மலை. மட்டக்களப்பு வாவிக் கரையில் எங்கே மலை? இரும்புத் தட்டும், கயிறும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆட்களும் இல்லாமல் பாதை எப்படிப் பாதையாகும்? திருத்தக் கேட்டேன், அச்சுத் தகடு போட்டாயிற்று என்றார்கள். வெளியீட்டு விழா நன்றாகத்தான் நடந்தது. மண்டூர்ப் பிள்ளைகள் அட்டையைப் பார்த்து, “இது எந்த ஊர் டீச்சர்?” என்றார்கள். இன்றைக்கும் அது மனதில் கிடந்து உறுத்துகிறது.

செலவும் ஒரு பக்கம். நிறப்படம் என்றால் தாள் கனமாக வேண்டும், மை நாலு நிறம், பிரதியும் நிறைய அடித்தால்தான் விலை இறங்கும். நம்மில் அநேகர் கைக்காசைப் போட்டு முந்நூறு பிரதி அடிக்கிறோம். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள், அந்த நேரம் சிறுவர் புத்தகத்தை யார் நினைப்பார்? 2024 தொடக்கத்தில் புத்தகத்துக்கும் 18 சதவீத வற் (பெறுமதி சேர்) வரி வந்தது. விலையைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தைத் திரும்ப வைக்கிற அம்மாமாரை நான் குறை சொல்ல மாட்டேன்.

நவம்பர் 25

ஆட்டுக்குட்டிப் புத்தகம் கிடைக்குமா என்று கேட்டவருக்கு: இருக்கிறது. ஆனால் அட்டையை மாற்றிய பிறகுதான் தருவேன்.

டிசம்பர் 3

சிபிலின் கடைசிக் காலத்து வேலை ஒன்று. ஒரு கதையை எழுதி, முடிவைத் தான் எழுதாமல் பிள்ளைகளிடம் கேட்டார். பிள்ளைகள் எழுதிய 1,250 முடிவுகளோடு அது கின்னஸ் சாதனையானது. அப்போது அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. எழுபது வருசமாக எழுதிய ஒருவர் முடிவை மட்டும் பிள்ளையிடம் கொடுத்துவிடுவதென்றால், அந்தத் துணிவு சும்மா வராது. சாதனையை விட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

நாங்களும் வாசிகசாலையில் செய்து பார்த்தோம். குடைகள் தொங்குகிற மரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு, மறுகா என்ன நடந்தது என்று எழுதச் சொன்னோம்.

ஒருத்தி குரங்கைக் குடைக்கடைக்குக் காவல் வைத்துவிட்டாள், களவு தெரிந்தவனுக்குத்தான் கள்ளனைப் பிடிக்கத் தெரியுமாம். இன்னொருவனின் குரங்கு குடைகளை மற்றக் குரங்குகளுக்கு மாங்காய்க்கு விற்கிறது. ஒன்றில் மாரி வெள்ளம் வருகிறது, குரங்கு குடையைக் கவிழ்த்துப் போட்டு ஏறி வாவியைக் கடந்து புளியந்தீவில் இறங்கி மணிக்கூட்டைப் பார்க்கிறது.

ஒரு பையன் இரண்டே வரி எழுதியிருந்தான். கிரி மாமா கடையை மாமியிடம் கொடுத்துவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டார். வரும்போது பெரிய குடை கொண்டு வருவார்.

அவன் அப்பா கட்டாரில் என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும், யாரும் சிரிக்கவில்லை. நான் அந்தக் கொப்பியை இரவு வீட்டுக்குக் கொண்டுபோனேன். இந்த மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் அம்மாவையோ அப்பாவையோ மத்திய கிழக்குக்கு அனுப்பிவிட்டு அம்மம்மாவோடு வளர்கிறார்கள். வீடியோவில் முகம் பார்த்துக் கதைக்கிறார்கள். பெட்டி வரும் நாளைக் கலண்டரில் வட்டம் போடுகிறார்கள். இதை வைத்து நம் மொழியில் எழுதிய ஒரு படப் புத்தகம் என் அலுமாரியில் இல்லை. சிங்கமும் முயலும் இருக்கிறது, காகமும் நரியும் நாலு பதிப்பு இருக்கிறது. சிபில் கிந்தோட்டையில் கண்டதை எழுதினார். நாம் இங்கே கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பிள்ளைக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஆகும் என்று அந்தப் பையன் இரண்டு வரியில் எழுதிக் காட்டிவிட்டான். சோகக் கதையாகவும் எழுதவில்லை, பெரிய குடையைப் போட்டிருக்கிறான் பாருங்கள்.

டிசம்பர் 4

“அது அந்தப் பிள்ளையின் வீட்டு விசயம், பொதுவில் எழுதலாமா” என்று கேட்டது நியாயம். வீட்டில் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். அம்மம்மா வாசித்துவிட்டுப் பெரிய குடை என்ன நிறம் என்று பேரனிடம் கேட்டாவாம்.

டிசம்பர் 7

எந்த வயதில் தொடங்கலாம் என்று கேட்ட காத்தான்குடித் தங்கச்சிக்கு: பிள்ளை மடியில் குந்தத் தொடங்கினதும் தொடங்கலாம். எழுத்தைக் கூட்டிச் சொல்லவைக்க வேண்டாம், படத்தில் விரல் வைக்கட்டும். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள், கதை ஓடிப்போய்விடாது. முடிந்ததும் “இதிலிருந்து என்ன படித்தாய்” என்று மட்டும் தயவு செய்து கேட்காதீர்கள். திரும்ப வாசி என்று கேட்டால் திரும்ப வாசியுங்கள்.

பிள்ளைகளின் முடிவுகளைக் கையாலேயே சின்னப் புத்தகமாக்கப் போகிறோம். ஏ4 தாள் நாலை நடுவில் மடித்தால் 16 பக்கம் வரும், போட்டோக்கொப்பி எடுத்துப் பின் அடித்தால் போதும். படமும் அந்தந்தப் பிள்ளையே வரையட்டும். கல்லடி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சித்திரம் படிக்கிற யாராவது ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்து பக்கம் கட்டச் சொல்லிக்கொடுத்தால் பெரிய உதவி. நடுமடிப்பில் பின் அடிக்கிற நீளக்கைக் கருவி ஒன்றும் தேவை, கடையில் இருப்பது எட்டவில்லை. வைத்திருப்பவர்கள் இங்கேயே எழுதுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.